எட்டு மடங்கு கனம்

மேலே ஏறி அரைமணி நேரம் ஆன பிறகுதான் சடகோபன் அதைச் சொன்னான்.

"வேதமணி, நாம மதுரையோட திரும்பப் போறதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போறோம்."

பின் இருக்கையில் இருந்த வேதமணிக்குக் காதுக் கருவியில் அந்தக் குரல் கேட்டதும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவன் ராஜபாளையத்துக்காரன். பட்டாளத்தில் சேருமுன் அங்கே ஒரு பருத்தி ஜின்னிங் பாக்டரியில் பிட்டராக இருந்தவன். மனைவி இன்பம் ஸ்ரீவில்லிபுத்தூரில் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். அவளைப் பார்த்து ஏழு மாதம் ஆகிவிட்டது. பார்க்க முடியாவிட்டாலும், அவள் இருக்கும் ஊரின் மேலாகப் பறந்தால் போதும் என்று நினைத்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலாம் வருஷம், மே மாதம். கோயம்புத்தூருக்குக் கிழக்கே இருந்த ஏரோட்ரோமில் வேதமணி விமானத்தின் இறக்கை, வால், உடம்பு எல்லாவற்றையும் பழுது பார்க்கும் மெக்கானிக். பழுது பார்த்த விமானத்தை முதலில் ஓட்டிப் பார்க்கும்போது, பார்த்த மெக்கானிக்கும் பின்னால் ஏறிப் போக வேண்டும் என்பது அங்கே வழக்கம். தன் உயிரும் அதில் இருக்கிறது என்று தெரிந்தால் ஒருவனும் ஒரு திருகைக்கூடத் தளர்வாக விடமாட்டான் அல்லவா? அப்படித்தான் அன்று காலை அவன் ஏறினான்.

முன்னால் இருந்த சடகோபனுக்கு இருபத்திரண்டு வயது. ஸ்ரீவில்லிபுத்தூர் மாடவீதியில் ஆண்டாள் கோவில் கைங்கரியக் குடும்பம். காலேஜ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு விமானம் ஓட்ட வந்தவன். சொந்த ஊர்க்காரன் என்பதால் வேதமணியிடம் ஆபீஸர் தோரணை காட்டமாட்டான். நீர், உமக்கு என்றுதான் பேசுவான்.

"ஊரைப் பார்த்துட்டுத் திரும்பிரலாமா சார்?" என்று வேதமணி கேட்டான்.

சடகோபன், "ஒரு டைவ் போட்டுப் பார்க்கப் போறேன் ஓய்," என்றான்.

வேதமணி இருக்கை வாரை இன்னும் ஒரு துளை இறுக்கினான். அந்த விமானம் சண்டைக்குப் போகும் டைவ் பாம்பர். பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில் மூக்கைக் குப்புறக் கவிழ்த்து, கிணற்றில் கல் விழுவதுபோல நேர்கீழே விழுந்து, குண்டைப் போட்டுவிட்டு நிமிர வேண்டும். விழுவதில் அவ்வளவு ஆபத்து இல்லை. நிமிர்வதில்தான் இருந்தது. அந்த நேரத்தில் ஆளுடைய எடை நாலு மடங்கு, ஐந்து மடங்கு ஆகிவிடும். அதைப் பைலட்டுகள் ஜி என்பார்கள். நாலு ஜி, ஐந்து ஜி. விமானத்தில் இருக்கும் ஒவ்வொரு ஆணிக்கும் அதே கதிதான்.

மூன்று வாரத்துக்கு முன் சடகோபனுடைய அறைத்தோழன் ஒருவன் பழகும் மைதானத்தில் அப்படி விழுந்தான். நிமிரவே இல்லை. இருபதடி ஆழத்துக் குழியிலிருந்து வேதமணியும் மற்றவர்களும்தான் தகரத்தை அள்ளினார்கள். அதற்குப் பிறகு சடகோபன் டைவ் போடும்போதெல்லாம் குறித்த உயரத்துக்கு முன்னாலேயே நிமிர்த்திவிடுவான். மெஸ்ஸில் சிரிக்கிறார்கள் என்று வேதமணி காதுக்கும் வந்திருந்தது. அடுத்த வாரம் பர்மா எல்லைக்கு அவர்களுடைய படைப்பிரிவு கிளம்புவதாகப் பேச்சு.

"சார், இது டெஸ்ட் பிளைட். டைவ் போட ஆர்டர் இல்லியே."

"அங்க எல்லாரும் கண்ணில விளக்கெண்ணெய் விட்டுண்டு பார்த்துண்டிருக்கா. ஒருத்தரும் பார்க்காத எடத்தில ஒரு தடவை சரியாப் பண்ணிட்டேன்னா, பொறவு பயம் போயிடும்."

அவன் குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது. ஆர்டர் போட்டிருந்தால்கூட வேதமணிக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

மேற்கே மலை நீலமாக நீண்டு கிடந்தது. கோபுரம் விரல் உயரத்துக்குத் தெரிந்தது. அதைத் தாண்டி மம்சாபுரம் பக்கத்துக் கண்மாய், கோடையில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல், வெளுத்த பாய் விரித்தாற்போலக் கிடந்தது. சடகோபன் அதைக் குறியாக வைத்துக்கொண்டான். விமானம் ஒருமுறை புரண்டது. வானம் கால்மாட்டுக்குப் போயிற்று.

பிறகு விழுந்தார்கள்.

இருக்கை வார் தோளை அறுக்க, வேதமணி தொங்கினான். காற்றின் ஊளை ஏறிக்கொண்டே போயிற்று. கண்மாய் பாய் அளவிலிருந்து களம் அளவாக, களத்திலிருந்து ஊர் அளவாக விரிந்தது. ஆறாயிரம் அடியில் நிமிர்த்த வேண்டும். ஆறாயிரம் தாண்டிற்று. ஐயாயிரம். இந்தத் தடவை முன்னாலேயே நிமிர்த்தக் கூடாது என்ற பிடிவாதத்தில் அவன் காத்திருக்கிறான் என்று வேதமணிக்குப் புரிந்தது. நாலாயிரம். கரையிலிருந்த பனைமரங்கள் தனித்தனியாகத் தெரிந்தன.

"இழுங்க சார்! இழுங்க!" என்று கத்திக்கொண்டே வேதமணி பயத்தில் குனிந்து, முழங்காலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான்.

சடகோபன் விமானத்தை ஓட்டும் குச்சியை இரண்டு கையாலும் இழுத்தான்.

என்னவோ பெரிய கை ஒன்று வேதமணியின் முதுகில் ஏறி அழுத்தியது. தாடை நெஞ்சில் புதைந்தது. கன்னச் சதை கீழே இழுபட்டு வாய் தானாகத் திறந்துகொண்டது. கையைத் தூக்கப் பார்த்தான். அது தொடையோடு ஒட்டிக் கிடந்தது. உள்ளே போன மூச்சு வெளியே வரவில்லை. முதலில் நிறம் போயிற்று. காலடியில் இருந்த சிவப்புக் கருவிப் பெட்டி சாம்பலாகத் தெரிந்தது. பிறகு ஓரங்களிலிருந்து இருட்டு சுருங்கிச் சுருங்கி வந்து, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஒரு பொட்டு வெளிச்சம் மட்டும் மிஞ்சிற்று. அதுவும் அணைந்தது. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் ஒன்றும் தெரியவில்லை. காது மட்டும் கேட்டது. இறக்கைக்குள் ரிவிட் ஆணிகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கும் சத்தத்தை அது தெளிவாகக் கேட்டது. வாலுக்குள் கனமான எதுவோ பிய்த்துக்கொண்டு விழுந்தது.

கர்த்தரே, குருடாகிவிட்டேன் என்று நினைத்தான்.

அழுத்தம் விட்டது. வெளிச்சம் திரும்பி வந்தது. விமானம் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் வேதமணி, "நிமித்திட்டிய சார்!" என்றான்.

பதில் இல்லை.

எட்டிப் பார்த்தான். சடகோபனின் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. வலது கை மட்டும் வலிப்பு வந்தவன் கைபோல வெட்டி வெட்டி இழுத்தது. விமானத்தை ஓட்ட ஒருவரும் இல்லை. பின் இருக்கையில் பிடித்து ஓட்ட ஒன்றும் கிடையாது. ஏறிய விமானம் வேகம் குறைந்து, தயங்கி, நடுங்க ஆரம்பித்தது. இன்னும் சில விநாடியில் மறுபடி தலைகுப்புற விழும்; இந்தத் தடவை நிமிர்த்த உயரமும் இல்லை.

"சார்! சடகோபன் சார்! ஏலே, முழிலே!"

ஆபீஸரை ஏலே என்று கூப்பிட்டது அவனுக்கே தெரியவில்லை. இரண்டு இருக்கைக்கும் நடுவிலிருந்த தட்டியைக் கையால் அடித்தான், பூட்ஸ் காலால் உதைத்தான். மூக்கு கவிழத் தொடங்கியபோது சடகோபனின் தலை நிமிர்ந்தது.

"யாரு?" என்று கேட்டான். தூக்கத்தில் எழுப்பிய குழந்தையின் குரல். "எங்க இருக்கோம்?"

"ஏரோப்பிளேன்ல இருக்கோம் சார்! குச்சியப் பிடிங்க! மூக்கு விழுது!"

அவனுக்கு அது விளங்கவே நாலைந்து விநாடி ஆயிற்று. விளங்கியதும் கை பழக்கத்தில் வேலை செய்தது. பனைமர உச்சிகளை உரசாத குறையாக விமானம் நேரானது.

அப்போதுதான் வேதமணி இடது இறக்கையைப் பார்த்தான். பிழிந்து காயப்போட்ட வேட்டிபோல அதன் தகடு முழுக்கச் சுருக்கம் விழுந்திருந்தது. இறக்கையும் உடம்பும் சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. காற்று அடிக்க அடிக்க அது திறந்து திறந்து மூடியது.

"சார், திருப்பாதீய. சாய்க்காதீய. நேரே இருக்கிற எடத்தில எறக்குங்க. இறக்கை போயிரும்."

கண்மாயின் வெடித்த மண்ணில் மூன்று குதி குதித்து, புழுதி மண்டலத்துக்குள் ஓடி, கரைக்கு நூறு கஜம் முன்னால் விமானம் நின்றது.

இருவரும் இறங்கினார்கள். வேதமணி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சடகோபன் கொஞ்சம் தள்ளிப் போய் வாந்தி எடுத்தான். அவனுடைய முழங்கைக்குக் கீழே, மணல்வாரி அம்மை போட்டதுபோல, தோலுக்கடியில் ரத்தம் கசிந்து பொடிப் பொடியாகச் சிவப்புப் புள்ளிகள் கிளம்பியிருந்தன. சட்டையைத் தூக்கிப் பார்த்தால் வேதமணியின் இடுப்பிலும் அதே புள்ளிகள்.

கண்மாய்க்குள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கருத்தையா என்ற மம்சாபுரத்து ஆள் பயந்து பயந்து வந்தார். "சாமி, உசிரு இருக்கா? நான் இடி விழுந்துட்டுன்னுல்லா நெனச்சேன். ஆடு அம்புட்டும் ஓடிப்போச்சு," என்றார். கொஞ்ச நேரத்தில் ஊரே கரையில் கூடிவிட்டது.

இரண்டு மணி நேரம் கழித்து, தலைசுற்றல் தெளிந்ததும், சடகோபன் மறுபடி முன் இருக்கையில் ஏறி, கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜி அளவைக் காட்டும் வட்ட மீட்டர் ஒன்று அங்கே உண்டு. அதில் ஒரு முள் எவ்வளவு உயரம் போனதோ அங்கேயே நின்றுவிடும். எட்டைத் தாண்டி நின்றிருந்தது. வேதமணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே சடகோபன் அதன் அடியிலிருந்த பொத்தானை அமுக்கினான். முள் பழைய இடத்துக்குப் போயிற்று.

"எஞ்சின் நன்னாத்தான் இருக்கு," என்றான். "கண்மாய் நீளம் போதும். மெல்ல எடுத்துண்டு போயிடலாம். எறங்கறச்சே கொஞ்சம் தட்டிடுத்துன்னு சொல்லிடலாம்."

வேதமணி கருத்தையாவையும் இன்னும் இரண்டு பேரையும் கூப்பிட்டு, இடது இறக்கையின் நுனியைத் தோளால் தூக்கச் சொன்னான். அவர்கள் தூக்கினார்கள். இறக்கை மட்டும் ஒரு சாண் மேலே வந்தது, உடம்பு அசையவில்லை. உள்ளே இரும்பு முனகியது.

"பாத்தியளா சார்? உள்ளே தாங்குற சட்டம் வெடிச்சிருக்கு. ஏறுனா கோயம்புத்தூர் போய்ச் சேராது. தேனி தாண்டாது."

"நீர் வரவேண்டாம் ஓய். நான் மட்டும் போறேன்."

"சார்..."

"என்னை என்ன பண்ணச் சொல்றீர்? அடுத்த வாரம் எல்லாரும் பர்மா போறா. இங்க நான் ஆர்டர் இல்லாம டைவ் போட்டு, மயக்கம் போட்டு, ஏரோப்பிளேனை ஒடச்சேன்னு தெரிஞ்சா? பயந்தாங்கொள்ளின்னு பேப்பர்ல எழுதிக் குடுத்து அனுப்புவா. மாடவீதியில எந்த மொகத்தோட நடப்பேன்?" அவன் உதடு வெளுத்திருந்தது. "பேட்டரி அறுந்து கெடக்கு. கைப்பிடியை எடும். சுத்தித்தான் கெளப்பணும்."

வாலுக்குள் பிய்த்துக்கொண்டு விழுந்தது அந்தப் பேட்டரிதான். அது இல்லாவிட்டால், எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு இரும்புக் கைப்பிடியைச் செருகி ஆள் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். முழங்கை நீளத்துக் கைப்பிடி. சிவப்புப் பெட்டிக்குள் இருந்தது. ஆபீஸர் சொன்னால் மெக்கானிக் செய்ய வேண்டும், யுத்த காலம். வேதமணி அதை எடுத்து வந்தான். சுற்றினால் இவனைக் கொன்றவன் ஆவேன், மறுத்தால் ஜெயில் என்று நினைத்தான். மறுத்தும் பிரயோஜனமில்லை. "நான் சுத்துதேன் சாமி, எப்படின்னு மட்டும் சொல்லுங்க," என்று கருத்தையா ஆசையாக முன்னால் வந்து நின்றார்.

"ஓடுறதுக்குப் பள்ளம் மேடு இருக்கான்னு பார்த்துட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு, சடகோபன் கண்மாயை அடி அளந்து நடக்கப் போனான்.

அப்போது கரையில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இன்பம் வந்தாள். மம்சாபுரத்தில் ஏரோப்பிளேன் விழுந்துவிட்டது, ஒருவன் ராஜபாளையத்துக்காரனாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பேச்சுக் கிளம்பியதும், வடித்த சோற்றைத் தூக்குவாளியில் போட்டுக் கூடையில் வைத்துக்கொண்டு கிடைத்த வண்டியில் ஏறியிருக்கிறாள். சாப்பாடு கொண்டுபோனால் ஆள் உயிரோடு இருப்பான் என்று நினைத்தாளோ என்னவோ. அவனைக் கண்டதும் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவன் முகம், தோள், கை எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை.

வேதமணி குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னான். இன்பம் தூரத்தில் தனியாக நடந்துகொண்டிருந்த சடகோபனைப் பார்த்தாள்.

"அவியளுக்கு எத்தனை வயசு?"

"இருபத்திரெண்டு."

"இந்தக் கம்பி இல்லாட்டிக் கெளம்பாதா?"

"கெளம்பாது."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. தூக்குவாளியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். கைப்பிடியைக் கூடைக்குள் படுக்கவைத்து, மேலே துண்டைப் போட்டு மூடினாள். கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "நான் வாரேன். சோத்த ரெண்டு பேரும் சாப்பிடுங்க," என்றாள்.

சர்க்கார் சாமான், யுத்த காலம், போலீஸ் என்றெல்லாம் வேதமணியின் நாக்குவரை வந்தது. ஆனாலும் அவளைத் தடுக்கவில்லை. கரைக்கு ஏறும் பாதையில் சடகோபன் எதிரே வந்துகொண்டிருந்தான். இன்பம் அவனை நோக்கி நேராக நடந்தாள். வேதமணி தூக்குவாளியை இறுகப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். சடகோபன் அவளையும் ஒரு பக்கம் சாய்ந்திருந்த கூடையையும் பார்த்தான். பாதையை விட்டு விலகி நின்று வழி கொடுத்தான்.

திரும்பி வந்தவன் கைப்பிடி எங்கே என்று கேட்கவில்லை. இறக்கையின் நிழலில் உட்கார்ந்தான். "தந்தி குடுத்துடலாம் ஓய்," என்றான். உச்சி வெயிலில் அவன் உடம்பு குளிரில்போல உதறத் தொடங்கியது. வேதமணி தன் சட்டையைக் கழற்றி அவன் மேல் போர்த்தினான். அன்று இருவரும் ஒரே தூக்குவாளியிலிருந்து சாப்பிட்டார்கள்.

ஏரோட்ரோமிலிருந்து லாரி வர நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் இன்பம் சோறு கொண்டுவந்தாள்; மூன்றாம் நாள் கைப்பிடியும் கூடையோடு வந்து சிவப்புப் பெட்டிக்குள் போய்விட்டது. லாரியில் வந்த எஞ்சினீயர் ஆபீஸர் இடது இறக்கைக்கு அடியில் ஜாக்கியை வைத்து நாலு சுற்றுச் சுற்றச் சொன்னார். மூன்றாவது சுற்றில் உள்ளே துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். இறக்கை முறிந்து நுனி தரையில் குத்தியது. கருத்தையா, "யாத்தே... இதுலயா சாமி போவேன்னிய?" என்றார். சடகோபன் முறிந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

விசாரணை ஏரோட்ரோமில் நடந்தது. சடகோபனை முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே பெஞ்சில் வேதமணி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். தனக்கு என்ன ஆகும் என்பதைவிட, ஏன் உடனே கிளம்பி வரவில்லை என்று ஒரு கேள்வி வந்தால் இன்பத்தின் பெயர் வெளியே வந்துவிடுமே என்ற பயம்தான் அவனைப் பிடுங்கித் தின்றது. உள்ளங்கை வேர்வையைப் பத்துத் தடவை கால்சட்டையில் துடைத்தான்.

உள்ளே மூன்று ஆபீஸர்கள், ஒரு டாக்டர். இறக்கையைப் பற்றிக் கேட்டார்கள்; கண்டதைச் சொன்னான். டாக்டர் மட்டும் வேறு ஒன்று கேட்டார்.

"நிமிர்ந்தபோது நீ எப்படி உட்கார்ந்திருந்தாய்?"

வேதமணி வெட்கத்தோடு, "பயத்துல முழங்காலுக்குள்ள தலையை வச்சிட்டேன் சார்," என்றான்.

டாக்டர் மற்றவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தக் கனத்தில் ரத்தம் தலையை விட்டு வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடும், முதலில் கண் போகும், பிறகு நினைவு போகும், நேராக உட்கார்ந்திருப்பவனுக்கு அது சீக்கிரம் நடக்கும், குனிந்தவனுக்கு இதயமும் தலையும் பக்கத்தில் இருப்பதால் தாமதமாகும் என்று எடுத்துச் சொன்னார். சடகோபன் மயங்கியது கோழைத்தனத்தால் அல்ல, எட்டு ஜி வந்தால் யானையைப் போன்ற ஆளும் மயங்குவான் என்றார். கைப்பிடியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

ஆர்டர் இல்லாமல் டைவ் போட்டதற்காகச் சடகோபனை அந்தப் படைப்பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். பயந்தாங்கொள்ளி என்று எங்கும் எழுதவில்லை. சாமான் ஏற்றும் பெரிய விமானங்களுக்கு மாற்றினார்கள். கிளம்பும் நாள் காலையில் அவன் ஷெட்டுக்கு வந்தான்.

"மீட்டர் முள்ளை நான்தான் கீழ எறக்கினேன்னும் சொல்லிட்டேன் ஓய். கைப்பிடியைப் பத்திச் சொல்லலை."

வேதமணி கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"உம்ம ஆத்துக்காரி கூடையைத் தூக்கிண்டு எதிர்ல வந்தா பாரும், அப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினா ஏறியாகணும். ஏறினா செத்துடுவேன்னு நன்னாத் தெரியும். ஆனா வாய்விட்டு வேண்டாம்னு சொல்ல தைரியம் இல்லை. ஒருத்தர் வந்து பிடுங்கிண்டு போகமாட்டாளான்னு இருந்தது." அவன் முகம் சிவந்தது. "அவாகிட்ட சொல்லும்."

"சொல்லுதேன் சார்."

சடகோபன் லாரியில் ஏறிப் போனான்.

அடுத்த வாரம் இன்னொரு விமானம் பழுது பார்த்து முடிந்தது. ஓட்டிப் பார்க்கப் புதிதாக வந்திருந்த ஒரு பைலட் காத்திருந்தான். வேறு ஆளை அனுப்பட்டுமா என்று சார்ஜெண்ட் வேதமணியிடம் கேட்டார். இறக்கை சேரும் இடத்தை இவன் ஏற்கெனவே மூன்று தடவை பார்த்தாயிற்று. டார்ச்சை வாங்கி நாலாவது தடவையும் பார்த்தான்.

"நானே போறேன் சார்," என்றான்.

விமானம் கிளம்பி, தரை விலகியதும் இருக்கை வாரை இறுக்கிக்கொண்டான். அரைமணி நேரமும் அவன் கீழே பார்க்கவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை. இடது இறக்கையின் தகட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கிய பிறகு பைலட் சிகரெட் நீட்டினான். வேதமணி அதை வாங்கிக் காதில் செருகிக்கொண்டு, டார்ச்சோடு மறுபடி இடது இறக்கைக்கு அடியில் குனிந்தான்.